ஏற்று நின்று களைதல்: விவிலிய வாசிப்பும் மாறுபாட்டின் மாண்பும்

முன்னுரை

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல் செய்வார்க்குரிய மதம் ஏழென்று வகுத்துரைத்தார். மதம் என்னும் சொல் ஈண்டுச் சமயத்தைக் குறிப்பதன்று. கொள்கை என்பதே அதன் பொருள். பிறர் கொள்கைக்கு உடன்படுதல் அவ்வேழனுள் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. மூன்றாவதாக அவர் வைத்தது நம் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. பிறருடைய கொள்கையை முதலில் தான் மேற்கொண்டு, அதன் பின்னர் அதனைக் களைதல் என்பதே அது.

மறுத்தலுக்கும் ஏற்றுக் களைதலுக்கும் வேறுபாடு யாது? மறுப்பைத் தெருவில் நின்றே உரைத்துவிடலாம். ஏற்றுக் களைவதற்கோ அடுத்தவர் இல்லத்தினுள் சென்று, அவர் இட்ட பாயில் அமர்ந்து, அவர் கூறுவதை இறுதிவரை செவிமடுத்தல் வேண்டும். அங்ஙனம் கேட்டவர் மறுக்கும்போது, இவர் நம்மை அறிந்தே மறுக்கின்றார் என்று மறுக்கப்பட்டவரும் உணர்வார். தமிழ் மரபு இந்நெறியை நன்கறியும். மணிமேகலை, சமயக் கணக்கர் பலரிடமும் சென்று அவரவர் திறம் கேட்ட பின்னரே தனக்குரிய அறத்தைத் தேர்ந்தாள். சிவஞான சித்தியார், பிறர் கொள்கைகளைக் கூறும் பரபக்கத்தை முன்னும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னுமாக அமைந்தது. இஸ்லாமிய மரபிலும் இஃது உண்டு. இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்கள் மெய்யியலாரை மறுத்துத் 'தஹாஃபுத்' என்னும் நூலை இயற்றினார்கள். அம்மெய்யியலாரின் கருத்துகளை அவர்கள் கூறுமாறே எடுத்துரைக்கும் 'மகாஸித்' என்னும் நூலும் அவர்கள் எழுதியதே.

இந்நெறிநின்று ஒரு முஸ்லிம் விவிலியத்தை வாசிப்பது எங்ஙனம், கிறித்தவ இறையியலோடு மாறுபடும் இடத்தில் மாண்புடன் மாறுபடுவது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் நேர்ந்த பிழை

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்ததற்கு என் பிழையே காரணமாயிற்று. அதனை மறைக்காது கூறுதலே முறை. ஆண்டுகள் பலவற்றிற்கு முன்னர், வேறொரு கல்லூரியில் இளங்கலை மாணவர்க்குத் தேம்பாவணி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சூசையப்பரை வளன் என்னும் பெயரால் காப்பியத் தலைவராக்கி வீரமாமுனிவர் பாடியுள்ள திறத்தை விளக்குகையில், மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கடவுளுக்கு மகன் உண்டென்றால் மனைவியும் உண்டோ?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவ்வகுப்பில் கிறித்தவ மாணவர் ஒருவரே இருந்தார். அவர் தலை கவிழ்ந்தார். யான் அவ்வினாவிற்கு விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அம்மாணவர் வகுப்பிற்கு வரவில்லை. மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து நின்றார். "ஐயா, அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நண்பர்கள் கேட்பார்கள், நானும் ஏதேனும் சொல்வேன். நீங்களும் சிரித்தீர்களே, அதுதான் ஐயா..." என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. யான் சிரித்ததை அதுவரை யானே அறியேன்.

அன்று இரவு ஒன்றை உணர்ந்தேன். தேம்பாவணியைப் பத்தாண்டுகளாக நடத்திய யான், அக்காப்பியத்திற்கு ஊற்றாகிய விவிலியத்தை ஒருமுறையேனும் முழுமையாக வாசித்ததில்லை. சிறு வெளியீடுகளில் மறுப்பிற்கென எடுத்துத் தொகுக்கப்பட்ட வசனங்கள் சிலவற்றை மட்டும் மாணவப் பருவத்தில் மனனம் செய்திருந்தேன். தெருவில் நின்று மறுக்கக் கற்றிருந்தேனேயன்றி, இல்லத்தினுள் சென்றதில்லை. ஓய்வுபெற்ற கிறித்தவத் தமிழாசிரியர் ஒருவரை அணுகி, "ஐயா, உங்கள் வேதத்தை உங்களோடு அமர்ந்து வாசிக்க விரும்புகின்றேன். மதம் மாற அன்று; மறுப்பதற்காகவும் அன்று. அறிவதற்காக" என்றேன். அப்பெரியவர் புன்னகைத்து, "தம்பி, மறுக்கவும் செய்யுங்கள். ஆனால் முழு அதிகாரத்தையும் படித்துவிட்டு மறுங்கள்" என்றார். வியாழக்கிழமை மாலைதோறும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவ்வாசிப்பு நடந்தது.

பெரியோர் எழுப்பும் ஐயம்

இதனைக் கேட்ட நம் சமுதாயப் பெரியோர் சிலர் கவலையுற்றனர். அக்கவலை பொருளற்றதன்று. தவ்ராத்தின் ஏடுகளை உமர் (ரலி) அவர்கள் கொண்டுவந்து வாசித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் வருத்தம் தோன்றிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. தெளிவான வழியைப் பெற்றவர் அவ்வழியில் ஐயுற்று வேறொன்றைத் தேடலாகாது என்பதே அதன் கருத்தென அறிஞர் விளக்குவர். அதே வேளையில், இஸ்ராயீலின் மக்கள் கூறுவனவற்றை எடுத்துரைப்பதில் குற்றமில்லை என்னும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. வேதக்காரர் கூறுவதை உடனே மெய்யென்று கொள்ளவும் வேண்டா, பொய்யென்று தள்ளவும் வேண்டா என்னும் அறிவுரையும் அந்நூலிலேயே உண்டு.

இவற்றை ஒருங்கு நோக்கினால் ஒரு நெறி புலனாகும். தன் மறையைக் கல்லாதவன் பிறர் மறையைக் கற்கப் புகுதல் அடித்தளம் இடாது மாடம் எழுப்புதலை ஒக்கும். தன் மறையில் வேரூன்றியவனுக்கோ பிறர் மறையை வாசித்தல் அச்சம் தருவதன்று. முன்னோர் பலர் அவ்வாறு வாசித்தனர். ஸர் ஸையித் அஹ்மது கான் (1817–1898) விவிலியத்திற்கே 'தப்யீனுல் கலாம்' என்னும் விளக்கவுரை எழுதத் தொடங்கி, அதன் முதற்பகுதியை 1862-இல் வெளியிட்டார். வேதக்காரரோடு மிக அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்னும் திருமறைக் கட்டளை (29:46) நம்மேல் உள்ளது. வாதிடப்படும் பொருளை அறியாதவர் அழகிய முறையில் வாதிடுதல் எங்ஙனம் இயலும்?

வரலாறு காட்டும் மூன்று அவைகள்

முதலாவது, அபிசீனிய அரசவை. கி.பி. 615 அளவில், மக்காவின் கொடுமை தாளாது முஸ்லிம்கள் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் இப்பயணத்தைப் பாடியுள்ளார். மக்கத்துத் தூதுவர் அவர்களை மீட்டுச் செல்ல வந்தபோது, ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதக் கேட்டு மன்னர் கண்ணீர் உகுத்தார். கதையை நாம் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றோம். அடுத்த நாள் நிகழ்ந்ததே நமக்குப் பாடமாவது. இவர்கள் ஈஸாவைப் பற்றித் தகாதன கூறுகின்றனர் என்று தூதுவர் மன்னரிடம் மூட்டினர். மீண்டும் அவை கூடியது. அடைக்கலம் பறிபோகும் நிலை. ஆயினும் ஜஅஃபர் (ரலி) அவர்கள் தம் கொள்கையை மறைக்கவில்லை. ஈஸா (அலை) இறைவனின் அடியார், அவன் தூதர், மர்யமிடம் அவன் இட்ட அவனது சொல், அவனிடமிருந்து வந்த ஆவி என்று உள்ளதை உள்ளவாறே உரைத்தார்கள். மன்னரின் மதத்தை இழித்து ஒரு சொல்லும் கூறவில்லை. மறைத்தலும் இல்லை, இழித்தலும் இல்லை. மாண்புடைய மாறுபாட்டின் இலக்கணம் அதுவேயாம்.

இரண்டாவது, மதீனத்துப் பள்ளிவாசல். நபிகளாரின் வாழ்வின் பிற்பகுதியில் நஜ்ரான் நகரத்துக் கிறித்தவர் அறுபதின்மர் குழுவாக வந்தனர். அவர்தம் தொழுகை நேரம் வந்ததும் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தொழுதனர் என்றும், அவர்களைத் தடுக்க வேண்டா என்று நபிகளார் பணித்தார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறும். பின்னர் ஈஸா (அலை) அவர்களைப் பற்றி நிகழ்ந்த உரையாடலில் இரு சாராரும் உடன்படவில்லை. உடன்பாடு காணாமலேயே, தம் சமயத்தில் நிலைத்து, திறை செலுத்தும் உடன்படிக்கையோடு அவர்கள் ஊர் திரும்பினர். தம்முள் எழும் வழக்குகளைத் தீர்க்க நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்புமாறு வேண்டினர். அபூஉபைதா (ரலி) அனுப்பப்பட்டார்கள். இறையியலில் இணங்காதவர், நேர்மையில் நம்பிக்கை வைத்தனர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

மூன்றாவது, பாக்தாதின் அரண்மனை. கி.பி. 781 அளவில் அப்பாசியக் கலீபா அல்மஹ்தி, கீழைத் திருச்சபையின் தலைவராகிய முதலாம் திமோத்தேயுவோடு இரண்டு நாள் உரையாடினார். இறைவனுக்கு மகன் எங்ஙனம், மூவர் ஒருவராதல் எங்ஙனம், முஹம்மது நபியைப் பற்றி நும் கருத்து யாது எனக் கலீபா வினவினார். சிரியாக் மொழியில் திமோத்தேயு எழுதிய மடலில் இவ்வுரையாடல் இடம்பெற்றுள்ளது. நபிகளார் சிலை வணக்கத்திலிருந்து மக்களை ஓரிறைபால் திருப்பியதால் இறைத்தூதர்களின் வழியில் நடந்தவர் என்று அவர் போற்றினார். ஆயினும் தம் கொள்கையை விட்டுக்கொடுத்தாரல்லர். இருண்ட வீட்டில் விலைமதிப்பற்ற முத்தொன்று விழுந்தால், ஒவ்வொருவரும் கைக்குக் கிட்டியதை முத்தென்றே பற்றி நிற்பர். விடிந்த பின்னரே எவர் கையில் முத்துள்ளது என்பது தெரியும் என்று அவர் கூறிய உவமை புகழ்பெற்றது. எழுதியவர் கிறித்தவர், எனினும் அவர் எழுத்தில் கலீபா பண்பும் அறிவும் உடைய வினாவுநராகவே காட்சி தருகின்றார். வாதக்கலையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலை அரபியில் பெயர்த்துத் தரும் பணியையும் அல்மஹ்தி இத்திமோத்தேயுவிடமே ஒப்படைத்தார். தம்மோடு மாறுபட்டவரிடமே வாதநூலைக் கேட்டுப் பெற்ற பெருந்தன்மை வியத்தற்குரியது.

தமிழில் விவிலியம்

விவிலியத்தை வாசிக்கும் தமிழ் மாணவர் அதன் மொழி வரலாற்றையும் அறிதல் நன்று. சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பின்னர்ப் பெப்ரிசியுஸ் பெயர்ப்பும், 1871-இல் பவர் தலைமையில் வெளிவந்த பெயர்ப்பும் பரவின. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய பொதுப் பெயர்ப்பு 1995-இல் 'திருவிவிலியம்' என வெளியாயிற்று. இறைவனைக் குறிக்கப் பராபரன், சர்வேசுரன், தேவன், கடவுள் எனக் காலந்தோறும் சொற்கள் மாறின. பராபரம் என்னும் சொல் தாயுமானவர்க்கும் நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களுக்கும் உரியதாயிருந்ததை எண்ணுங்கால், மூன்று சமயத்தாரும் ஒரே சொல்லின் நிழலில் நின்றமை விளங்கும்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலியப் பெயர்ப்புப் பணிக்கு உதவியவர். பின்னர் அவரே 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டுக் கிறித்தவப் பரப்புரையை எதிர்த்தார். அவர் நடையின் கடுமை நமக்கு முன்மாதிரியாகாது போகலாம். ஆயினும் மறுத்த நூலை அவர் வரிவரியாக அறிந்திருந்தார் என்பதை எவரும் மறுக்கவியலாது.

வாசிப்பில் யான் முதலில் கண்டது உறவே. யோசேப்பின் கதை ஆதியாகமத்தின் இறுதிப் பகுதியில் விரிகின்றது. திருமறையில் யூசுப் அத்தியாயம் அக்கதையைக் கூறுகின்றது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தோம். குருதி தோய்ந்த அங்கியைக் கண்டதும் ஆதியாகமத்தின் யாக்கோபு, மகனை விலங்கு கொன்றதென்றே நம்பி ஆறாத் துயரில் மூழ்குகின்றார். திருமறையின் யஃகூப் (அலை) அவர்களோ மக்களின் கூற்றை நம்பாது, அழகிய பொறுமையைக் கைக்கொண்டு, இறைவன்பால் நம்பிக்கை இழவாது காத்திருக்கின்றார்கள். ஒரே தந்தை, ஒரே கண்ணீர். கண்ணீரின் பொருள் மட்டும் வேறு. "உங்கள் யாக்கோபு என்னை வியக்க வைக்கின்றார், தம்பி. எங்கள் யாக்கோபு என்னை அழவைக்கின்றார்" என்றார் பெரியவர். குர்ஆனில் பெயர் கூறப்பெற்ற ஒரே பெண் மர்யம் (அலை) அவர்களே என்று யான் கூறியபோது, அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

மாறுபடும் இடங்கள்

உறவைக் கண்ட பின்னர் வேறுபாட்டை மழுப்புதல் அறிவுடைமையன்று. நான்கு இடங்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1. மகன் என்னும் சொல். வகுப்பில் எழுந்த வினாவின் வித்து திருமறையிலேயே உள்ளது (6:101). அவ்விடத்தில் இறைவனுக்கு ஆண்மக்களையும் பெண்மக்களையும் கற்பித்த அரபு இணைவைப்பாளரை நோக்கியே பேச்சுத் தொடங்குகின்றது. கிறித்தவரோ இறைவனுக்கு மனைவி உண்டென்றோ, உடல்வழி மகப்பேறு நிகழ்ந்ததென்றோ கூறுவதில்லை. அங்ஙனம் கூறுவாரை அவர்களும் கண்டிப்பர். மகன் என்னும் சொல் பிறப்பை மட்டும் குறிப்பதன்று என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்கவும் வேண்டுமோ? குடிமகன் என்பவன் குடி ஈன்ற பிள்ளையல்லன். அரபியில் வழிப்போக்கனை 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழியின் மகன், என்பர். திருமறையே அச்சொல்லை ஆள்கின்றது. எனினும், கிறித்தவர் இதனை வெறும் உருவகமாகக் கொள்கின்றனர் என்று நாம் எளிதாக்கிவிடவும் கூடாது. இயேசு படைக்கப்பட்டவரல்லர், தந்தையோடு ஒரே இயல்பினர், என்றுமுள்ளவர் என்பதே கி.பி. 325-இல் நிக்கேயாவில் கூடிய சங்கத்தின் முடிபு. நம் மாறுபாடு இங்கேதான் உள்ளது. படைத்தவன் ஒருவன், ஏனைய யாவும் படைப்பு, ஈஸா (அலை) சிறப்புமிக்க படைப்பு, சிறப்புமிக்க தூதர் என்பது நம் துணிபு.

2. மூவொருமை. தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசு கூறும் இடத்தை யோவான் நற்செய்தியிலிருந்து (14:28) எடுத்துக்காட்டி, வெற்றி பெற்றவன்போல் பெரியவரை நோக்கினேன். அவர் அந்நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசிக்கச் செய்தார். இறைவனின் வாக்கு தொடக்கத்திலேயே இறைவனோடிருந்து இறைத்தன்மை உடையதாயிருந்தது என்றும், அவ்வாக்கு மனிதராயிற்று என்றும் அவ்வதிகாரம் பேசுகின்றது. "தம்பி, இரண்டையும் ஒரே கை எழுதியது. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மறைக்க எங்களால் முடியவில்லை. அதனால்தான் இத்தனை சங்கங்கள் கூடின" என்றார். யான் புதிதெனக் கருதிய வசனம், 4-ஆம் நூற்றாண்டில் ஆரியுவைச் சார்ந்தார் எடுத்தாண்ட வசனமே. இயேசு உண்டார், உறங்கினார், அழுதார். அவர் எங்ஙனம் இறைவனாவார் என்னும் வினாவும் அத்தகையதே. அவர் முழு மனிதரும் ஆவார் என்பது 451-இல் கல்கேதோன் சங்கம் வகுத்த கொள்கை. ஆகவே அவர் மனிதர் என்று நிறுவுவதால் கிறித்தவக் கொள்கை தளர்ந்துவிடாது. ஒருவரே முழு இறைவனும் முழு மனிதரும் ஆதல் கூடுமோ என்பதே உண்மை வினா. கூடாது என்பது நம் விடை. எல்லையற்றதும் எல்லையுடையதும் ஓருருவில் ஒன்றாதலைத் தவ்ஹீத் ஏற்பதில்லை. முதன்மையான கட்டளை யாதென்று வினவியவர்க்கு இயேசு, இறைவன் ஒருவனே என்னும் பண்டை அறிக்கையைக் கொண்டே விடை தொடங்குகின்றார் (மாற்கு 12:29). அச்சொல்லை நாம் நேர்ப்பொருளில் கொள்கின்றோம். கிறித்தவரும் அச்சொல்லை மனமார ஏற்பர். அவ்வொருமையின் உள்ளியல்பை வேறாக விளக்குவர். அவர்களை மூன்று கடவுளரை வணங்குவோர் என்பது அவர்கள் சொல்லாததை அவர்கள்மேல் ஏற்றுவதாகும்.

3. சிலுவையும் மன்னிப்பும். இதுவே எங்கள் உரையாடலில் நெடிது நீண்டது. ஈஸா (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்பது திருமறையின் கூற்று (4:157). ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பதும் (6:164), ஆதம் (அலை) வருந்தித் திரும்பியதும் இறைவன் மன்னித்தான் என்பதும் (2:37) நம் நம்பிக்கை. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையை வாசித்தபோது, யான் வினவினேன்: "ஐயா, சொத்தையெல்லாம் அழித்துத் திரும்பிய மகனைத் தந்தை எந்தப் பலியும் கேளாமல் ஏற்றுக்கொண்டாரே. இஃது எங்கள் கொள்கைக்கன்றோ சான்று?" பெரியவர் நூலை மூடினார். அந்த வாரம் அவர் விடை கூறவில்லை.

அடுத்த வியாழனன்று விடை கூறினார். "நல்ல கேள்வி தம்பி, உறக்கம் வரவில்லை. அந்தக் காலத்தில் மதிப்புள்ள முதியவர் தெருவில் ஓடமாட்டார். ஊரார் பார்க்க ஓடினார். மகன் படவேண்டிய அவமானத்தைத் தந்தை தம்மேல் போட்டுக்கொண்டார். மன்னிக்கிறவர் விலை கொடுக்காமல் மன்னிப்பு இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். சிலுவை அந்த ஓட்டம்தான்." அவ்விளக்கத்தின் அழகை யான் ஒப்புக்கொண்டேன், முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. அளவற்ற அருளாளன் மன்னிப்பதற்கு விலையொன்று கொடுக்க வேண்டியவனல்லன் என்பதே என் நிலை. ஆயினும் அன்றுமுதல், சிலுவையை ஒரு மூடநம்பிக்கை என்று எவரேனும் கூறக் கேட்டால் என்னால் சிரிக்க இயலவில்லை. ஒரு முதியவர் மகனை நோக்கி ஓடுவதே கண்முன் தோன்றும்.

4. நூலின் பாடம். வேதம் திரிக்கப்பட்டது என்னும் கூற்றை நாம் பலகால் எளிதாகக் கூறிவிடுகின்றோம். சொல்லைத் திரித்தல், பொருளைத் திரித்தல் என இரண்டாக நம் அறிஞர் இதனைப் பகுப்பர். ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (994–1064) சொல்லே திரிக்கப்பட்டதென்று வன்மையாக வாதிட்டார். ஸையித் அஹ்மது கான் போன்றோர் பொருள் திரிபையே பெரிதும் வற்புறுத்தினர். சுவடி ஆராய்ச்சி அறிந்த தமிழ் மாணவர்க்குப் பாடவேறுபாடு புதிதன்று. மாற்கு நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய சுவடிகள் சிலவற்றில் இல்லை. இதனைக் கிறித்தவ அறிஞரே ஆராய்ந்து வெளியிட்டனர். மறுபுறம், 1947 முதல் சாக்கடல் அருகே கிடைத்த சுருள்களுள் ஒன்றான ஏசாயா சுருள், ஆயிரம் ஆண்டு பிந்திய எபிரெயச் சுவடிகளோடு பெரும்பாலும் ஒத்துள்ளது. எந்த இடத்தில், எச்சுவடியில், யாது வேறுபாடு என்று காட்டிப் பேசுதல் ஆராய்ச்சி. எல்லாம் மாற்றப்பட்டது என்று கையை விரித்தல் ஆராய்ச்சியாகாது.

மாணவர்க்குச் சில நெறிகள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகளைச் சுருங்கக் கூறுவோம். தன் மறையை முதலில் கற்க. பிறர் மறையைத் துண்டு வசனங்களாகப் பொறுக்காது முழு அதிகாரமாக வாசிக்க. அம்மறையை நம்புவார் ஒருவரோடு அமர்ந்து வாசிப்பின் இன்னும் நன்று. அவர் கொள்கையை அவர் 'ஆம்' என்று ஏற்கும் சொற்களில் கூற இயலாதவரை மறுக்கத் தொடங்கற்க. மறுக்குங்கால் தன் நிலையை மறைக்கற்க. அவர் நிலையை இழிக்கற்க. பிறர் வணங்குவனவற்றை ஏசற்க என்பது திருமறையின் கட்டளை (6:108). தன்பால் விடையில்லாத வினா எழுந்தால், அடுத்த வாரம்வரை காத்திருக்க நாணற்க.

இந்நெறி ஒருபாற்பட்டதன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வெளியிட்ட சங்க ஏட்டில் முஸ்லிம்களை மதிப்புடன் நோக்குவதாக அறிவித்தது. 2007-இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறித்தவத் தலைவர்க்குப் 'பொதுச்சொல்' என்னும் மடலை விடுத்து, இறையன்பும் அயலார் அன்பும் இரு மறைக்கும் பொதுவென எடுத்துக்காட்டினர். இரு சாராரும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. பேசும் முறையை மாற்றிக்கொண்டனர்.

முடிவுரை

அம்மாணவர்கள் படித்து முடிக்குமுன் தேம்பாவணியை மீண்டும் ஒருமுறை நடத்தினேன். முதலில், அன்று சிரித்தமைக்காக அக்கிறித்தவ மாணவரிடம் வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன். பின்னர், வினா எழுப்பிய மாணவரை அழைத்து, "மறுப்பது உன் உரிமை. ஆனால் முதலில் அவர் நம்புவதை அவர் ஒப்புமாறு சொல்" என்றேன். அவர் இருமுறை முயன்றார். இருமுறையும் கிறித்தவ மாணவர், "அப்படி இல்லை" என்று திருத்தினார். மூன்றாம் முறை அவர் கூறி முடித்ததும் கிறித்தவ மாணவர் எழுந்து, "அதுதான் ஐயா" என்றார். "இப்போது மறுக்கலாமா ஐயா?" என்று அவர் கேட்க, வகுப்பு சிரித்தது. இம்முறை சிரித்தவருள் கிறித்தவ மாணவரும் ஒருவர். அவர் மறுத்தார், இவர் விடையிறுத்தார். மணி அடித்தும் எவரும் எழவில்லை.

அப்பெரியவர் இன்று இல்லை. அவரும் கிறித்தவராகவே வாழ்ந்து மறைந்தார். யானும் முஸ்லிமாகவே உள்ளேன். எவர் கையில் முத்துள்ளது என்பதை விடியலுக்கு உரியவன் காட்டுவான். அதுவரை, ஏற்று நின்று களையும் மாண்பை நம் மாணவச் செல்வங்கள் பெற வல்ல இறைவன் அருள்புரிவானாக.